நானும் நிற்கட்டுமா தோழர்?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சியின் பொங்கல் கூட்டம் நெரிகிறபோது, அரசியல் புத்தக அரங்கின் மேசைக்குப் பின்னால் நின்று புத்தகம் விற்கிற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. சம்பளம் கிடையாது. கால் கடுக்கும், தொண்டை கட்டிக்கொள்ளும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மூன்று மணி ஆகிவிடும். ஆனாலும் மார்கழி பிறந்தாலே பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. இந்த ஆண்டு எந்த வரிசையில் அரங்கு, எத்தனை கட்டு வருகிறது, மாலையில் யார் யார் நிற்கப் போகிறோம்?

இப்படித்தான் ஒரு சாயங்காலம், வேலை முடிந்த கையோடு சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாக ஒரு பெண் வந்து நின்றார். தையல் கம்பெனியில் வேலையாம். “ஓவர்டைம் பத்தி சட்டம் என்ன சொல்லுதுன்னு தமிழ்ல புக்கு இருக்காண்ணா?” இருந்தது. மெல்லிய புத்தகம், பஸ் டிக்கெட்டுக்கு ஆகிற காசுதான் விலை. கூட்டம் இடிப்பதைப் பொருட்படுத்தாமல் நின்றபடியே புரட்டி, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்ற பக்கத்துக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார். இரண்டு முறை வாசித்தார். “இதுலயே அஞ்சு குடுங்கண்ணா, எங்க லைன்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு.” அந்த ஐந்து பிரதிகளுக்கும் பில் போட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எந்த விற்பனைக் கணக்கிலும் எழுத முடியாது. பெரிய புத்தகக் கடையில் அந்தச் சின்னப் புத்தகத்துக்கு அலமாரியில் முதுகு தெரிகிற அளவுக்குக்கூட இடம் கிடைக்காது. எங்கள் மேசையில் அதற்கு முன்வரிசை!

விலைதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. 1936இல் லாகூரின் சாதி ஒழிப்பு அமைப்பான ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுத் தலைமை உரைக்கு அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதி அனுப்பியதைப் படித்து மிரண்டு மாநாட்டையே கைவிட்டது. அவரோ பேசாத அந்த உரையைத் தாமே 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். விலை எட்டணா. ‘ஹரிஜன்’ இதழில் அதற்கு மறுப்பு எழுதிய காந்தி, விலையையும் விடவில்லை; இரண்டணா, மிஞ்சினால் நாலணாவாகக் குறைக்கலாம் என்றார். எட்டணாவுக்கே இரண்டு மாதத்தில் அத்தனையும் தீர்ந்துபோனது! 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே, தமிழிலும் வந்துவிட்டது என்று அம்பேத்கர் குறிப்பிடுகிறார். தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் குடிஅரசு வட்டாரம். மார்க்ஸ், எங்கெல்ஸின் கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931இல் தமிழுக்குத் தந்ததும் அதே குடிஅரசுதான். பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்த்ததற்கு வெள்ளைக்கார அரசு அவரைக் கைது செய்தது. அந்த நூல்கள் எல்லாம் இன்றும் எங்கள் மேசையில் அடுக்கடுக்காக இருக்கின்றன. காலேஜ் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கிப் போகிறார்கள்.

அக்கம்பக்கத்து அரங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. பாரதி புத்தகாலயம், 1951 முதல் இயங்கும் என்.சி.பி.எச்., பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம், விடியல், கருப்புப் பிரதிகள் என்று ஒரு சுற்று வந்தால் தமிழ்நாட்டு அரசியலின் முக்கால்வாசி வாதங்களும் காதில் விழும். வர்க்கமா சாதியா என்று நடைபாதையில் குரல் உயரும். மேடையில் அனல் பறக்க மோதிக்கொண்டவர்கள் இங்கே ஒருவருக்கொருவர் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக் கொடுப்பார்கள். ரகுநாதன் மொழிபெயர்ப்பில் கார்க்கியின் ‘தாய்’ எங்களிடம் தீர்ந்துவிட்டதா? “அடுத்த வரிசையில இருக்கு தோழர், வாங்க காட்டுறேன்” என்று நானே கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறேன். அவர்களும் எங்களிடம் ஆள் அனுப்புவார்கள். வேறு எந்த வியாபாரத்தில் இது நடக்கும்?

சென்னையோடு முடிந்துவிடுவதில்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. பிள்ளைகள் சேமிப்பு உண்டியலோடு புத்தகம் வாங்க வருகிற ஊர். மேசைமேல் உண்டியலைக் கவிழ்த்து, ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகத் தூண் தூணாக அடுக்கிய ஒரு சிறுமி, பகத்சிங் படம் போட்ட அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. “இது கதையா மாமா, நெசமா?” நிசம் என்றேன். நாணயங்களை என் பக்கம் தள்ளிவிட்டு, மிச்சம் என்ன என்றுகூடக் கேட்காமல் அங்கேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த மேசையை விட்டு நகர மனமில்லை.

விடுமுறை நாட்களில், அதிலும் காணும் பொங்கலன்று, எந்த அரங்கிலும் ஆள் பற்றாது. வாங்கத்தான் போக வேண்டும் என்பதில்லை. உங்களுக்குப் பிடித்த அரசியலைப் பேசுகிற அரங்கு எதுவானாலும் சரி, சாயங்காலமாகப் போய் “நானும் நிற்கட்டுமா தோழர்?” என்று கேட்டுப் பாருங்கள். பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே பில் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.