வெள்ளை வேட்டியும் லைற் மீற்றரும்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு கலியாண வீட்டைப் பிலிம் கமராவில் எடுப்பவருக்கு முதலில் வரும் சிக்கல் மாப்பிள்ளைதான். பட்டு வேட்டி, சால்வை எல்லாம் வெள்ளை. முகம் கறுப்பு அல்லது மாநிறம். கமராவுக்குள் இருக்கும் மீற்றர் பொருளில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அளக்கிறது. எதைக் காட்டினாலும் அதை 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைத் துணியோ ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்புகிறது. வித்தியாசம் இரண்டு ஸ்ரொப்புக்கு மேல், அதாவது நான்கு மடங்குக்கு மேல். சட்டத்தை வேட்டி நிறைத்தால் மீற்றர் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். வேட்டி சாம்பலாகும், முகத்தில் கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். இப்படிக் கெட்ட படங்களைப் பார்த்துக் "கறுத்த முகம் படத்தில் விழாது" என்று சொன்னவர்கள் நம்மில் பலர். அந்தப் பேச்சு எனக்கு எப்போதும் வலிக்கும். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தை எப்படி எடுத்தார் என்று பார்த்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். பிழை அளவீட்டில் இருக்கிறது, தோலில் இல்லை.

கைமீற்றரின் பெருமை இங்கேதான். அமெரிக்கரான டொன் நோர்வுட் வடிவமைத்த வெள்ளை அரைக்கோளக் குமிழைப் பின்னர் ஜப்பானின் செக்கோனிக் தன் மீற்றர்களில் தொடர்ந்து கொண்டுவந்தது. அதை மாப்பிள்ளையின் முகத்தருகே பிடித்து, குமிழைக் கமராப் பக்கம் திருப்பினால், முகத்தின் மேல் விழும் ஒளி அளவாகக் கிடைக்கும். வேட்டி வெள்ளையா, சுவர் நீலமா, பின்னால் கிடுகு வேலியா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த ஊர்ச் செம்மண்ணில் இன்னொரு நன்மையும் உண்டு. வெயிலில் காய்ந்த தோட்டத்து மண் கீழிருந்து முகத்துக்குக் கணிசமான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. குமிழின் கீழ்ப்பாதி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் மீற்றர் ஒளியின் அளவைச் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. வெங்காயப் பாத்தி நடுவே நிற்பவரைச் சிலைட் பிலிமில் எடுத்தால் தாடையின் கீழ் படியும் செம்மை படம் கழுவி வந்த பிறகுதான் தெரியவரும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் உச்சிச் சூரியன் குடாநாட்டில் நேர் தலைக்கு மேல் வருகிறது. அப்போது குமிழின் மேல்பாதி மட்டும் வெயிலில் நிற்க, மீற்றர் ஒரு சமரச எண்ணைத் தருகிறது. நெற்றி வெளுக்கும், கண்குழி இருளும். இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. அந்த நேரத்தில் ஆளை மாமர நிழலுக்கு நகர்த்தும் புத்தி மீற்றரில் இல்லை, எடுப்பவரிடம் இருக்கவேண்டும்.

பனங்கூடலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். ஓலை இடுக்கால் விழும் வெயில் திட்டு ஒன்றில் பிடித்தால் ஓர் எண், அரை அடி தள்ளிப் பிடித்தால் மூன்று ஸ்ரொப் வேறு. கோயிலில் இரவுத் திருவிழாவென்றால் சுவாமிக்குப் பக்கத்தில் போய்க் குமிழைப் பிடிக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கற்பூரச் சுடரும் குத்துவிளக்கும் தாமே ஒளிர்பவை. அவற்றின் மேல் விழும் ஒளியை அளந்து பயனே இல்லை. தூரத்திலிருந்து ஒரு பாகையளவு இடத்தை மட்டும் பார்க்கும் ஸ்பொட் மீற்றர்தான் அங்கே உதவும்.

கருவியின் வயதும் பெரிய விடயம். 1932இல் வெஸ்ரன் நிறுவனம் கொண்டுவந்த ஒளிமின் மீற்றரிலிருந்து நீண்டகாலம் ஆட்சி செய்தது செலீனியத் தகடு. விழும் ஒளியே ஊசியை அசைக்கும் மின்னோட்டத்தைத் தரும், பற்றரி வேண்டாம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் பற்றரிக்குத் தடை, மின்சாரமும் இல்லை, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டோம். அப்படிப்பட்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மீற்றர் இருக்கமுடியாது. மங்கிய ஒளியில் மட்டும் அதன் ஊசி அசைய மறுக்கும். பின்னர் வந்த காட்மியம் சல்பைட் மீற்றர்கள் அந்தக் குறையைத் தீர்த்தன, பதிலுக்குப் பற்றரியைக் கேட்டன. அவற்றில் பல நம்பியிருந்த 1.35 வோல்ற் பாதரசப் பற்றரியும் இன்று இல்லை, 1.5 வோல்ற் பற்றரியைப் போட்டால் கணக்குப் பிசகும். பழைய செலீனியமும் ஈரத்திலும் காலத்திலும் சோர்ந்து குறைவாகவே காட்டும். அதை நம்பினால் படம் ஓவராகும். நெகற்றிவ் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், சிலைட் பொறுக்காது.

ஆகவே பழைய மீற்றர் வாங்குபவர் மேகமற்ற நாளில் சூரியன் நன்றாக ஏறியதும் குமிழைச் சூரியனுக்கு நேரே திருப்பிப் பார்க்கட்டும். 100 ஐஎஸ்ஓவுக்கு எஃப் 16, 1/125 என்பதை ஒட்டி ஊசி நிற்கவேண்டும். இந்த விதி பிலிம் பெட்டிகளிலேயே அச்சாகி வந்தது. திறந்த வெயிலில் தோட்டத்தையும் தெருவையும் எடுப்பவருக்கு அதுவே போதும், மீற்றருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கைமீற்றர் முகங்களுக்கானது: விறாந்தை, யன்னலோரம், பந்தலின் உள்ளே, கண் எளிதில் ஏமாறும் இடங்கள். அங்கே கறுப்பு வெள்ளை நெகற்றிவ் என்றால், கறுத்த முகத்துக்கு மீற்றர் சொன்னதைவிட ஒரு ஸ்ரொப் தாராளமாகவே கொடுப்பேன். நிழலுக்குள் இருக்கும் கண்ணின் விவரம் பிலிமில் முதலிலேயே பதியாவிட்டால் இருட்டறையில் எவராலும் அதை மீட்கமுடியாது. வேட்டியின் மடிப்பைப் பிரின்ற் போடும்போது பிடித்துக்கொள்ளலாம்.