நாற்பது நாள் துறவும் அலமாரியில் இருக்கும் சட்டையும்

பிபிசி 2005-இல் ஒளிபரப்பிய ‘தி மொனாஸ்டரி’ தொடரைப் போன வாரம் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். இங்கிலாந்தின் மேற்கு சஸ்ஸெக்ஸில் வொர்த் ஆபே என்று ஒரு பெனடிக்ட் சபை மடம் இருக்கிறது. வெளியுலகத்து ஆண்கள் ஐந்து பேர் அங்கே நாற்பது நாள் தங்கி, துறவிகளின் நேர ஒழுங்குப்படி வாழ்ந்து பார்க்கிறார்கள். முதல் தடவை நெகிழ்ந்துபோய்ப் பார்த்தேன். இந்தத் தடவை ஒரு சந்தேகம் விடவே இல்லை. சாகும்வரை வாழ்வதற்கென்று உண்டான வாழ்க்கையை நாற்பது நாளில் ருசி பார்க்க முடியுமா?

இடையில் பெனடிக்டின் ஒழுங்குநூலைப் படித்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். (நம்மூர்ப் பழைய கத்தோலிக்கர்கள் இவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள்.) ஆறாம் நூற்றாண்டு நூல், மொத்தம் 73 அதிகாரம். புதிதாக வருகிறவரை எப்படிச் சேர்ப்பது என்று சொல்வது 58-ஆவது அதிகாரம். அதில் ‘வாங்க வாங்க’ என்று கூப்பிடுகிற பேச்சே இல்லை. வந்தவரை நாலைந்து நாள் வாசலிலேயே காக்க வைக்கணும். அதைப் பொறுத்துக்கொண்டு நின்றால் விருந்தினர் அறையில் சில நாள். அப்புறம் நவதுறவிகளோடு தங்கவைத்து, மூத்தவர் ஒருவர் அவரைக் கூர்ந்து கவனிக்கணும். இரண்டு மாதம் கழித்து ஒழுங்குநூல் முழுவதையும் வாசித்துக் காட்டி, முடியும்னா இரு, முடியாதுன்னா தாராளமா போகலாம் என்று சொல்லணும். ஆறு மாதம் கழித்து மறுபடி. அதற்குப் பிறகு நாலு மாதத்தில் இன்னொரு தடவை. ஆக ஒரு வருஷம், மூன்று வாசிப்பு. இன்றைய திருச்சபைச் சட்டம் இதை இன்னும் நீட்டியிருக்கிறது: நவதுறவு குறைந்தது ஒரு வருஷம், தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று வருஷம், பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு.

அதாவது, ‘வாழ்ந்து பார்த்துட்டு முடிவு பண்ணு’ என்பது தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தொடரில் ஐந்து பேருக்கும் இத்தனை நாள்தான் என்று முதலிலேயே தெரியும். பக்கத்தில் இருப்பவர் எரிச்சல் மூட்டினாலும், மௌனம் தாங்கமுடியாமல் போனாலும், நாளை எண்ணிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொள்ளலாம். நவதுறவிக்கு அந்த வசதி கிடையாது. அவருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆனால் தேதி இல்லை. போவதா இருப்பதா என்று அவரேதான் முடிவு செய்யணும், அதுவும் திரும்பத் திரும்ப. பெனடிக்ட் துறவிகளின் வார்த்தைப்பாடுகளில் ஒன்று ‘நிலைத்திருத்தல்’. இதே மடம், இதே மனிதர்கள், கடைசிவரை. ஜெபம், வேலை, மௌனம் எல்லாத்தையும் நாற்பது நாளில் தொட்டுப் பார்த்துவிடலாம். இதைத் தொட முடியாது. தொடர் இந்த இடத்தில் போதுமான அளவு நிற்கவில்லை என்பதுதான் என் குறை.

ஆனா நியாயமாகவும் சொல்லணும். ஐவரில் ஒருவர் பாலியல் அரட்டை சேவைக்கு விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தவர். கடைசிக் கட்டத்தில் ஒரு துறவியோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு என்னவோ நடக்கிறது. அதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் கலங்குகிறார். நடிப்பு என்று அதைத் தள்ள என்னால் முடியவில்லை. நாற்பது நாள் ஒருவரை உலுக்கிவிடும், சந்தேகமில்லை. நாற்பது வருஷம் அவர் அங்கே இருப்பாரா என்பதை மட்டும் அது சொல்லாது.

58-ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒரு விவரம் வருகிறது. வார்த்தைப்பாடு கொடுப்பவர் தன் உறுதிமொழியை எழுதிப் பீடத்தில் வைக்கிறார். தன் உடையைக் களைந்து மடத்து உடையைப் போட்டுக்கொள்கிறார். பழைய உடையைத் தூக்கி எறிவதில்லை, மடத்தில் எடுத்து வைக்கிறார்கள். என்றைக்காவது அவர் கிளம்பிப் போனால் அதைத் திருப்பிக் கொடுக்கணுமாம். உறுதிமொழித் தாளை மட்டும் கொடுக்கக்கூடாது, அது மடத்திலேயே இருக்கும்.

தொடரைப் பாருங்க. அதுக்கு முன்னாடி இந்த ஒரு அதிகாரத்தைப் படிச்சிடுங்க, சின்னதுதான். அந்த ஐந்து பேருக்கும் அங்கே விட்டுவிட்டு வர அப்படி ஒரு தாள் இல்லை என்பது அப்போது கண்ணில் படும்.