அலைமேல் ஒருவன்: அறுகம்குடாவின் கலையும் வாழ்வும்

கடற்கரை பற்றிய கலை என்றதும் மாலைச் சூரியனும் சாய்ந்த தென்னையும் கண்முன் தோன்றுவது வழக்கமாகிவிட்டது. பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவை உலகுக்கு அறிமுகப்படுத்தும் விளம்பரச் சித்திரங்களில் இவற்றோடு மூன்றாவதாக ஓர் உருவமும் சேர்ந்துகொள்கிறது. அலைப்பலகைமேல் தனித்து நிற்கும் ஒருவன். அவனைச் சுற்றி ஆளரவமற்ற கடல். இச்சித்திரங்கள் அழகற்றவை அல்ல. ஆயின் ஒரு கரையின் கலையை மதிப்பிடப் புகுவோர், எது வரையப்பட்டுள்ளது என்பதோடு எது விடப்பட்டுள்ளது என்பதையும் வினவுதல் வேண்டும்.

அலைச்சறுக்கைக் காட்டும் மிகப் பழைய ஐரோப்பியச் சித்திரங்களுள் ஒன்று ஜோன் வெபருடையது. ஜேம்ஸ் குக்கின் மூன்றாவது கடற்பயணத்தில் ஓவியராகச் சென்ற அவர், 1779இல் ஹவாய்த் தீவின் கியலகெக்குவாக் குடாவைக் கண்டு தீட்டினார். கப்பல்களும் தோணிகளும் மக்களும் நிறைந்த அக்காட்சியில், பலகைமேற் கிடந்து கையால் நீரைத் தள்ளிச் செல்லும் ஒருவனும் காணப்படுகிறான். அந்நியர் ஒருவரின் கண்ணால் நோக்கப்பட்டவனாயினும் அவன் தனியன் அல்லன். தன் மக்களின் நடுவே இருக்கிறான். ஹவாய் மக்களிடையே அரசரும் குடிகளும் பயின்ற கலை அது. பலகைக்குரிய மரத்தை வெட்டுவதற்கும் சடங்கு இருந்தது. அக்கலை இன்று விளம்பரத்தில் இடம்பெறும்போது சமுதாயம் கழன்றுவிடுகிறது. உடலும் அலையுமே எஞ்சுகின்றன.

அறுகம்குடாவின் அலையும் வெறுங் காட்சியன்று. ஏறத்தாழ மே முதல் ஒக்ரோபர் வரை, தெற்கே தொலைவான சமுத்திரப் புயல்களிற் பிறக்கும் அலைகள் நிலமுனையைச் சுற்றி வளைந்து, குடாவினுள் ஒரு புறமிருந்து மறுபுறமாகப் படிப்படியே உடைகின்றன. அக்காலத்திலே தென்மேற் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைத் தாங்கி நிறுத்துகிறது. வாடை எழுந்ததும் இந்நிலை மாறிவிடுகிறது. பலகைமேல் நிற்பவன் படிக்கும் இப்பாடத்தைக் கரைவலை வளைப்போர் தலைமுறைகளாகப் படித்து வந்துள்ளனர். காற்றையும் நீரோட்டத்தையும் அறிதலே இருவர்க்கும் முதற் பயிற்சி.

அவ்வறிவின் கலை வடிவமே அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுக்க, வலைக்கயிற்றில் நிற்போர் அனைவரும் தொடர்ந்து பாடுகின்றனர். பாட்டின் அசையும் கயிற்றின் இழுவையும் ஒன்றாகின்றன. மேடையிலோ ஏட்டிலோ அப்பாடலை மட்டும் பெயர்த்து வைப்பின், கிடைப்பது பாதியே. இயந்திரங்கள் வலையிழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பா மங்குவது குரல்வளம் குன்றியதாலன்று. கூட்டுழைப்பின் வடிவம் மாறியதாலேயாம். ஆகவே கரையைக் காவாது கரையின் பாட்டைக் காத்தல் இயலாது.

இக்கூற்று வெறுங் கோட்பாடன்று என்பதை 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் நிகழ்ந்தவை உணர்த்தின. கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றர் வரை மீளக் கட்டுதல் தடுக்கப்பட்டது. பின்னரே அத்தடை தளர்ந்தது. மீனவர் கடலோரம் திரும்ப இயலாதிருக்க, உல்லாசப் பயணத்துறைக்கு அதே கரை திறந்துவிடப்பட்டதை நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் அறுகம்குடாவையே சான்றாகக் கொண்டு சாடினார். ஆளரவமற்ற கரை என்பது சித்திரத்தில் ஓர் அழகியல் தெரிவு. நிலத்தில் அதுவே ஒரு குடியகற்றல்.

இதனால் அலைச்சறுக்கை அந்நியச் சீரழிவென ஒதுக்குவோர் கூற்றும் ஏற்புடையதன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் அச்சூழலில், உள்ளூர் இளைஞர் பலர் அப்பலகையைத் தமதாக்கிக்கொண்டனர். பலருக்கு அது பிழைப்புமாயிற்று. 2018இல் அங்கு பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. கடலோரத்திற் பிறந்தும் கடலில் இறங்க உரிமையற்றிருந்த பெண்கள் அலைமேல் நிற்பது, எந்த விளம்பரச் சித்திரத்தினும் ஆழ்ந்த பொருளுடையது. பழையது அனைத்தும் மக்கள் கலை, புதியது அனைத்தும் வணிகம் எனப் பிரிப்போர் இதனைக் காணத் தவறுகின்றனர். கரைவலையின் உலகிலும் வலைக்குடையவரான சம்மாட்டிக்கும் கயிறிழுப்போர்க்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருந்தது. அதனை மறைத்து அம்பாவை மட்டும் போற்றுவதும் இன்னொரு விளம்பரமே.

ஒரு கரையின் கலைக்கு உரைகல், அக்கரையில் உழைப்போர் அதனுள் தம்மைக் காண்கின்றனரா என்பதே. அறுகம்குடாவை எழுதவும் வரையவும் விழைவோர் அலைமேல் நிற்பவனை அழித்துவிட வேண்டியதில்லை. அவன் பின்னால் வாடியையும், வலைக்கயிற்றையும், அக்கயிற்றைப் பற்றிய கைகளையும் வரைந்தாலே போதும். வெபரின் சித்திரத்தில் இருந்த அந்நிறைவு, இன்று அக்கரைக்கு உரியோரின் கையாலேயே மீள வேண்டியதாகும்.