மரங்களும் மக்களும்

காட்டைக் கவனித்துக்கொள் என்றார்கள்! யாரிடம்? கட்டடக் காடாம் நியூயார்க்கிலே, புரூக்ளின் பகுதி ஏழை எளியோர் தம் குறை தீர்க்க அனுப்பிவைத்த ஷெர்லி சிஷோம் அம்மையாரிடம்!

1968 தேர்தலிலே வென்று அமெரிக்கக் காங்கிரசுக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்மணி அவர். (காங்கிரசு என்பது அங்கே கட்சியன்று, நாடாளுமன்றம்.) 1969 சனவரியில் அவருக்குத் தரப்பட்டது விவசாயக் குழு, அதிலும் கிராம வளர்ச்சி, வனம் பற்றிய உட்குழு! கொடுத்ததை ஏற்று நல்ல சிப்பாயாக நடந்துகொள்ளும்படி சபைத்தலைவர் மக்கார்மக் புத்தி புகன்றார். புதியவர் வாய்பொத்தி நிற்பதே அம்மன்றத்து மரபு. அம்மையாரோ தம் கட்சி உறுப்பினர் கூட்டத்திலேயே எழுந்து எதிர்த்தார். பிறகு கிடைத்தது, படையிலிருந்து மீண்டோர் நலக்குழு. தம் தொகுதியிலே மரங்களைவிட அவர்களே மிகுதி என்றார் அம்மையார். கேட்டவர் சிரித்திருக்கலாம், கணக்கு சரியான கணக்கு!

அவருடைய பேச்சின் வலிமையே இந்தக் கணக்குப் பார்க்கும் கண்தான். 1969 மார்ச் 26 இல் ஆற்றிய முதலுரையைப் பாருங்கள். ஏவுகணையைத் தடுக்கும் ஆயுத அமைப்பை நிக்சன் அறிவிக்கிறார். அதே நாளிலே, தலைநகர் வாஷிங்டனில் ஏழைக் குழந்தைகளின் முன்பள்ளித் திட்டம் பணமில்லையென்று குறைக்கப்படுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டார்; அடைமொழி எதற்கு? இந்த முறை மாறும்வரை, படைத்துறைக்குப் பணம் கேட்டு வரும் மசோதா ஒவ்வொன்றையும் எதிர்த்து வாக்களிப்பேன் என்றார். கண்ணீர் வடித்துவிட்டுக் கைதூக்கும் உறுப்பினர்கள் நிறைந்த அவையிலே, பேச்சையும் வாக்கையும் ஒன்றாக்கிய உரை அது.

1970 இல் வெளியிட்ட நூலிலே, ஆண்டு பல அமர்ந்திருந்தாலே குழுத் தலைமை தேடிவரும் முறையைச் சாடினார். அறிவுக்கோ உழைப்புக்கோ அன்று, நாற்காலி தேய்த்த காலத்துக்குப் பட்டம்! சாடல் முற்றிலும் நியாயம்.

ஆனால் 1971 இல் நடந்ததென்ன? பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி. மோரிஸ் யூடால் நின்றார்; 1969 இல் மக்கார்மக்கையே எதிர்த்துப் போட்டியிட்ட சீர்திருத்தக்காரர். லூசியானாவின் ஹேல் பாக்ஸும் நின்றார். பள்ளிகளில் இனப்பிரிவினை ஒழிவதை எதிர்த்து 1956 இல் தென்னக உறுப்பினர் விடுத்த அறிக்கையிலே கையெழுத்திட்டவர், 1965 இல் வாக்குரிமைச் சட்டத்தை ஆதரித்தவர். அம்மையார் பாக்ஸ் பக்கம் நின்றார். பாக்ஸ் வென்றார். அம்மையார் விரும்பிய கல்வி, தொழிலாளர் குழு கைக்கு வந்தது!

விலைக்கு வாங்கப்படாதவர், எவர் ஏவலுக்கும் உட்படாதவர் என்பதன்றோ 1968 இல் அவரது முழக்கம்! அந்த முழக்கத்துக்குள் இந்தப் பேரம் அடங்காது. அடங்குவதாகச் சாதிக்கும் புகழ்மாலைக்காரரை நான் நம்புவதில்லை. துரோகம் எனத் தூற்றுவோர் பக்கமும் என்னால் நிற்க முடியவில்லை. என் குறையெல்லாம் முழக்கத்தின்மீதுதான்: மேடைக்குப் பொருந்தும் அளவுக்குச் சபைக்குப் பொருந்தவில்லை.

கூலிச் சட்டங்கள் பிறக்கும் இடம் அந்தக் குழுவே. பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்க அங்கிருந்து அவர் பாடுபட்டார். 1973 இல் மசோதா நிறைவேறியது, நிக்சன் மறுத்தார். 1974 இல் மீண்டும் வந்தது, கையெழுத்தாயிற்று. அம்மையாரின் தாயார், தையல் வேலையோடு வீட்டுவேலையும் செய்து பிழைத்தவர்.