இரைப்பைப் புற்று அறுவை: சிறுதுளை மரபின் மூன்று பள்ளிகள்

1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்று கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்தார். இந்த அறுவையைத் தாங்கி நோயாளி உயிர்தப்பியது அதுவே முதன்முறை. 110 ஆண்டுகள் கழித்து, 1991-இல், ஜப்பானின் செய்கோ கிடானோ, சிறுதுளை வழியே வயிற்றுக்குள் செலுத்தும் கேமராக் கருவியான லேப்ராஸ்கோப்பின் துணையுடன் புற்றுற்ற இரைப்பையின் அதே பகுதியை அகற்றினார். இன்றைய சிறுதுளை மரபு அங்கே தொடங்குகிறது.

இந்த அறுவையின் கடினம் இரைப்பையை அகற்றுவதில் இல்லை. அதைச் சூழ்ந்த ரத்தக் குழாய்களை ஒட்டிய நிணநீர்க் கணுக்களை மிச்சமின்றி எடுப்பதில் இருக்கிறது. அக்கணுக்களுக்கு எண்ணிட்டு, எவற்றை எப்போது எடுப்பது என்று வகுத்தது ஜப்பானிய நெறிமுறை. விரிவான நீக்கத்துக்கு 'டி2' என்று பெயர். கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி வேலை செய்யவேண்டும். கணையத்தைச் சற்று அழுத்திவிட்டால்கூடக் கணையநீர் கசியலாம். கேமரா எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் விரல்நுனியின் தொடுவுணர்வை அது தராது.

ஜப்பானியப் பள்ளி நுணுக்கத்தின் பள்ளி. பரிசோதனைத் திட்டங்களால் அங்கே தொடக்கநிலைப் புற்று அதிகம் பிடிபடுகிறது. எனவே பாதுகாப்பான எல்லைக்குள் கை பழக வாய்ப்புக் கிடைத்தது. அங்குள்ள எண்டோஸ்கோப்பி அறுவைச் சங்கம் 2004-இல் திறன்தகுதித் தேர்வைத் தொடங்கியது. மருத்துவர் தாம் செய்த அறுவையின் வெட்டப்படாத வீடியோவை அனுப்பவேண்டும். செய்தவர் யாரென்று அறியாமலே நடுவர்கள் மதிப்பிடுவார்கள்.

கொரியப் பள்ளி கூட்டுழைப்பின் பள்ளி. 1,416 நோயாளிகளைக் கொண்ட 'கிளாஸ்-01' ஆய்வில், தொடக்கநிலைப் புற்றுக்குச் சிறுதுளை அறுவை செய்தவர்களில் 94.2 விழுக்காட்டினரும் திறந்த அறுவை செய்தவர்களில் 93.3 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தனர். முற்றிய புற்றுக்கான அடுத்த ஆய்வில் சேர விரும்பிய மருத்துவர்கள், முதலில் தங்கள் வீடியோக்களைச் சக மருத்துவர்களின் மதிப்பீட்டுக்கு வைத்தார்கள்.

சீனப் பள்ளிக்கு வாய்த்தவை பெரும்பாலும் முற்றிய புற்றுகள். அங்கு 1,056 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் திரும்பாமல் மூன்றாண்டுகள் கடந்தவர்கள் சிறுதுளை முறையில் 76.5 விழுக்காடு, திறந்த முறையில் 77.8 விழுக்காடு. ஃபூஜியானின் ஹுவாங் சாங்மிங், மண்ணீரலை அகற்றாமலே அதன் வாயிலில் உள்ள கணுக்களை எடுப்பதை மூன்று படிகளாக வகுத்தார். கற்பிக்கக்கூடிய ஒழுங்காக அது மாறியது.

பயிற்சி ஏன் இத்தனை முக்கியம் என்பதை நெதர்லாந்து காட்டியது. 1989-இல் தொடங்கிய ஆய்வில், திறந்த முறை டி2 அறுவைக்குப் பின் மருத்துவமனையிலேயே 10 விழுக்காட்டினர் இறந்தனர். குறைந்த அளவு நீக்கத்தில் அது 4 விழுக்காடு. மண்ணீரலும் கணைய வாலும் சேர்த்து அகற்றப்பட்டதும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சில நோயாளிகளே கிடைத்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, புற்றால் இறந்தவர்கள் டி2 பிரிவில்தான் குறைவு. நெறி சரியானது, அதைச் செய்யும் கை தேறியிருக்க வேண்டும்.

மூன்று பள்ளிகளும் ஒன்றுபடும் இடம் இதுதான். கேமராவைப் பிடித்து உதவுதல், எளிய நிலைகளைக் கண்காணிப்பில் செய்தல், பின்னரே முற்றிய புற்றைத் தொடுதல் என்று கை படிப்படியாகத் தேறவேண்டும். தழும்பின் நீளத்தை வைத்து இக்கலையை அளக்கக்கூடாது. எடுத்த கணுக்கள், கசியாத இணைப்பு, ஐந்தாண்டுகள் கடந்தும் வாழும் நோயாளி ஆகியவையே அளவுகோல்கள். தம் அறுவையைப் பிறர் பார்வைக்கு வைக்கத் துணியும் மருத்துவர்களால்தான் இந்த மரபு உயர்ந்தது. இனியும் அவர்களால்தான் உயரும்.