அம்மா கிளாஸின் ஆக்கியை யார் கூப்பிடுவது?

போன மாதம் பாலக்கோட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் லேப்டாப்போடு வந்தாள். "மாமா, விளைபொருள்ல விலை இருக்கு. தக்காளிக்கு மட்டும் இல்லைங்குது. ஏன்?"

பைத்தானில் 'விளைபொருள்' என்று ஒரு இனக்குழு, அதாவது கிளாஸ், எழுதியிருந்தாள். அதன் ஆக்கி, நாம் கன்ஸ்ட்ரக்டர் என்கிறோமே அதுதான், பெட்டி விலையைக் குறித்துக்கொள்ளும். அதிலிருந்து பிறந்தது 'தக்காளி' (பாலக்கோட்டுப் பிள்ளைக்கு வேறென்ன உதாரணம் வரும்!). எத்தனை பெட்டி என்று குறிக்க அதற்குத் தனி ஆக்கி. மொத்தத் தொகையைக் கேட்டால் 'அட்ரிபியூட் எரர்' வருகிறது.

அவள் மேல் தப்பில்லை. நம் மாநிலப் பாடநூல்களைப் புரட்டினால் காரணம் தெரியும். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல், மரபுரிமத்தை சி++ மொழியில் சொல்லித்தருகிறது. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானுக்கு மாறுகிறது. அங்கே ஆக்கி உண்டு, அழிப்பி உண்டு. மரபுரிமத்துக்குத் தனிப்பகுதி இல்லை. இரண்டையும் மாணவர்தான் மனதுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுகிற இடத்தில்தான் வினையே.

சி++இல் பிள்ளையை உருவாக்கினால் முதலில் அம்மாவின் ஆக்கி ஓடும், பிறகுதான் பிள்ளையுடையது. அம்மாவின் ஆக்கிக்கு மதிப்பு ஏதாவது தேவைப்பட்டு, நாம் தர மறந்தால், நிரல் கம்பைலே ஆகாது. பைத்தானில் 'இனிட்' பொருள் உருவான பிறகு ஓடும் ஒரு செயற்கூறு, அவ்வளவுதான். பிள்ளையிலும் அதே பெயரில் ஒன்று எழுதினால், அது அம்மாவுடையதை மறைத்துவிடும். மறைத்ததைப் பைத்தான் சொல்லவும் சொல்லாது. பத்து வரி தள்ளி, விலையைத் தேடும்போதுதான் பிழை கிளம்பும். படிக்கிற பிள்ளை அந்த வரியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பிஎச்பியும் இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் கண்டிப்பு: 'சூப்பர்' அழைக்காமல் 'திஸ்'ஸைத் தொட்டால் அங்கேயே பிழை காட்டிவிடும்.

நூலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆக்கி, அழிப்பி என்று நல்ல தமிழில், சின்னச் சின்ன நிரல்களோடு சொல்கிறது. ஆனால் பைத்தான் பாடத்தில் மூன்று வரி சேர்த்திருக்கலாம்: பிள்ளைக்குத் தனி இனிட் இல்லையென்றால் அம்மாவுடையதே ஓடும், இருந்தால் அம்மாவுடையது தானாக ஓடாது, வேண்டுமென்றால் 'சூப்பர்' வழியாக நீயே கூப்பிடு.

அந்த ஒரு வரியைத் தக்காளியின் இனிட்டில் முதலில் போட்டு, விலையையும் அனுப்பினோம். தொகை வந்துவிட்டது. "அப்போ எனக்குப் புரோகிராமிங் வராதுன்னு இல்லையா மாமா?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். புத்தகத்தில் விடுபட்ட மூன்று வரியைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் இதை விட்டுப் போயிருப்பார்களோ.