நகத்தைப் பெயர்க்கும் ஸ்பிரிங்

பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு ஒரு காரணம். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு விழாத மடக்குக் கத்தியை அங்கே காரணம் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மவுசோடு மதிப்பெண் போடும் பழக்கமும் வந்துவிட்டது. அலகை இழுத்துத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். எட்டு வாங்கினால் உயர்ந்த கத்தி, நாலு வாங்கினால் நோஞ்சான். திறக்கும்போது ‘டக்’ என்று அறைய வேண்டும், அதுதான் கைத்திறனாம். சத்தத்துக்கு மயங்குவது நமக்கும் புதிதல்ல. ராம்பூர் கத்தி ‘கர் கர்’ என்று விரியும் சத்தத்தை வைத்தே இந்திப் படங்கள் வில்லன்களை அறிமுகப்படுத்தின. 2023இல் அந்த ஊர் நாற்சந்தியில் 20 அடிக் கத்தியையே நட்டுவிட்டது.

இறுக்கமான ஸ்பிரிங்குக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பிரிங் வைத்த பூட்டில்லாத கத்தியில் அலகுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் ஒரே காவல் முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்தான். அது தொய்ந்தால் வேலை நடுவே அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்கும். சட்டைப்பையில் தானே திறந்துகொள்ளும். பிடிப்பு வேண்டும். சரி.

ஆனால் பிடிப்பு வேறு, இழுவை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் மோசடி தொடங்குகிறது.

கத்தி முழுக்கத் திறந்தோ மூடியோ இருக்கும்போதும் ஸ்பிரிங் சும்மா இருப்பதில்லை. ஆணித்துளைகளைச் சற்றுத் தள்ளிப் போடுவதால் அது ஏற்கெனவே கொஞ்சம் வளைந்தே நிற்கும். அந்த வளைவுதான் பிடிப்பு. திறக்கும்போது அலகின் அடிமூலை சுழன்று ஸ்பிரிங்கை இன்னும் தூக்குகிறது. நகம் படும் பாடு அங்கேதான். இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தடித்த ஸ்பிரிங், ஆரம்ப வளைவு அரை மில்லிமீட்டர். மற்றதில் நாலில் ஒரு பங்கு விறைப்புள்ள மெல்லிய ஸ்பிரிங், வளைவு 2 மில்லிமீட்டர். இரண்டுக்கும் பிடிப்பு ஒன்றே. அடிமூலை இன்னும் 1 மில்லிமீட்டர் தூக்கும்போது முதலாவதில் விசை மூன்று மடங்காகிறது. இரண்டாவதில் ஒன்றரை மடங்குதான். பத்துக்கு எட்டு வாங்குவது முதல் கத்தி. எதற்காக? ஒரே பிடிப்பைக் கொடுத்துவிட்டு நகத்திடம் இரட்டிப்பாக வசூலித்ததற்காக.

தேய்மானத்தையும் பாருங்கள். அலகும் ஸ்பிரிங்கும் உரசி 0.2 மில்லிமீட்டர் தேய்ந்தால் தடித்த ஸ்பிரிங் தன் பிடிப்பில் 40 சதவீதத்தை இழக்கிறது, மெல்லியது 10 சதவீதத்தை. போதாததற்கு, உச்ச விசை கூடக் கூட உரசலும் கூடும். ஆக, புதிதில் முரடாக இருக்கும் கத்திதான் சீக்கிரம் தொளதொளக்கும். விற்கும் நாளில் இது யாருக்கும் தெரியாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தடிப்பாகவே செய்கிறார்கள்? மெல்லிய ஸ்பிரிங் செய்பவனைக் காட்டிக்கொடுத்துவிடும். அதிகம் வளைய வேண்டிய பட்டைக்கு நல்ல உருக்கு வேண்டும், பதம் பிசகக் கூடாது. பதமேற்றச் சூடாக்கும்போது அலகை வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். ஸ்பிரிங் நீலம் ஏறும் வரை, ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு காண வேண்டும். குறைந்தால் ஒடியும், மிஞ்சினால் வளைந்தபடியே படுத்துவிடும். அரத்திலும் நிதானம் வேண்டும்: 3 மில்லிமீட்டர் பட்டையை 2.7 ஆக்கினாலே விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். இந்தப் பொறுமை இல்லாதவன் பட்டையைத் தடிப்பாக விட்டுவிட்டு, ‘டக்’ சத்தத்தைக் கைத்திறன் என்று விற்கிறான். அவனுக்குப் பத்துக்கு எட்டு போட ஒரு கூட்டமும் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தின் கத்தி வேலைக்குப் போவதில்லை. வேலைக்குப் போன கத்திகளை மலேசியாவின் ரவாங் பக்கத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பக்கத்தில் சுங்கை பூலோவில்தான் இருந்தது. அந்தக் கழகம் உருவாக்கிய ரகங்கள் தோட்டந்தோட்டமாகப் பரவியது ஒட்டுக் கட்டிய கைகளால். கன்றின் பட்டையில் நேர்க்கீறல் போட்டு, பட்டையை உரித்து, மொட்டுத் துண்டைச் செருகிக் கட்டும் வேலைக்கு மடக்கு வகை ஒட்டுக் கத்தியும் உண்டு. கீறியதும் பால் கசியும். விரலில் ஒட்டும், அலகின் மூட்டில் இறங்கிக் காய்ந்து இறுகும். பட்டறையில் துடைத்த கையோடு ‘எட்டு’ காட்டிய கத்தி, மதிய வெயிலில் பால் காய்ந்த மூட்டோடு எத்தனை காட்டும்? நகக்குழியில் விரல் வழுக்கினால், விட்ட அலகு தெறித்து மூடிக்கொள்ளும். விரலைக் காக்க வந்த இறுக்கம் விரலைத்தான் முதலில் வெட்டும்.

உலகம் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. 1897இல் கத்தி உற்பத்தியாளர் எல்செனர் சுவிஸ் கத்தியை வடிவமைத்தபோது ஒரே ஸ்பிரிங்கை இருபுறத்து அலகுகளுக்கும் பொதுவாக்கினார். இன்றும் பேனாக் கத்தி அளவில் வருவதைச் சிறுவன்கூடத் திறக்கலாம். யாரும் அதை நோஞ்சான் என்பதில்லை. ஜப்பானின் ஹிகோனொகாமிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. பிரான்சின் ஒப்பினெலும் ஸ்பிரிங் இல்லாமல் பிறந்ததுதான். 1955இல் ஒரு பூட்டு வளையம் சேர்ந்தது, அவ்வளவே. இவற்றுக்கு முன்னால் பத்துக்கு எட்டு என்ற மதிப்பெண் என்ன பேசும்?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடையில் ‘டக்’ சத்தத்தைக் கேட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். அலகு ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கட்டைவிரலில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு, மெதுவாகத் திறக்கப் பாருங்கள். திறக்க வரவில்லை என்றால், செய்தவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.